பில்லி லீ ரைலி: 'ரெட் ஹாட்' கதைக்கு அப்பால்

பில்லி லீ ரைலி (அக்டோபர் 5, 1933 – ஆகஸ்ட் 2, 2009) அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தைச் சேர்ந்த பாடகர், கிட்டார் கலைஞர், மவுத் ஆர்கன் வாசிப்பாளர். மெம்ஃபிஸ் நகரின் சன் இசைத்தட்டு நிறுவனம் 1950களின் பிற்பகுதியில் அவருடைய ஆறு தட்டுகளை வெளியிட்டது. ராக்கபில்லி இசையை ஆழ்ந்து கேட்பவர்கள் அவற்றை அந்த இசையின் முதல் வரிசையில் வைக்கிறார்கள். அதே நிறுவனத்தில் பாடிய எல்விஸ் பிரெஸ்லி, ஜானி கேஷ், கார்ல் பெர்க்கின்ஸ், ஜெர்ரி லீ லூயிஸ் ஆகியோரை உலகம் அறியும். ரைலியை அறிந்தவர்கள் குறைவு. ஏன் குறைவு என்பதற்கு ஒரு கதை நெடுங்காலமாக வழக்கில் இருக்கிறது. அந்தக் கதை பொய் அல்ல. ஆனால் அது போதாது. அதைச் சொல்லிச் சொல்லியே அவருடைய இசையைக் கேட்காமல் விட்டுவிட்டோம் என்பது என் எண்ணம்.

இளமை

ரைலி ஆர்கன்சாவின் வடகிழக்கில் உள்ள போகஹான்டஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை வாரத்துக்குப் பயிரிட்ட விவசாயி. நிலம் வேறொருவருடையது, விளைச்சலில் ஒரு பங்குதான் உழுதவருக்கு. விதைக்கும் வீட்டுச் செலவுக்கும் முன்பணம் தருபவரும் பெரும்பாலும் நிலக்காரரே. ஆகவே அறுவடை முடிந்து கணக்குப் பார்த்தால் பல குடும்பங்களுக்குக் கடன்தான் மிஞ்சும். பிள்ளைகளும் பருத்திக் காட்டில் இறங்கி வேலை செய்ய வேண்டும். ரைலிக்குப் பள்ளிப்படிப்பு அதிகம் வாய்க்கவில்லை.

அன்றைய தென் மாநிலங்களில் வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் பள்ளி, பேருந்து இருக்கை, குடிநீர்க் குழாய் எல்லாமே சட்டப்படி தனித்தனி. ஆனால் பருத்திக் காட்டில் வறுமை இருவருக்கும் பொது. பக்கத்து வரிசையில் பருத்தி எடுத்த கறுப்பினத் தொழிலாளர்களிடமிருந்துதான் ரைலி சிறுவயதிலேயே மவுத் ஆர்கனையும் கிட்டாரையும் கற்றுக்கொண்டார். இதை அவர் கடைசி வரை பெருமையுடன் சொல்லிவந்தார். அவர் முதலில் கேட்டு வளர்ந்தது புளூஸ். வெள்ளையர்களின் கன்ட்ரி இசை பிறகுதான் வந்து சேர்ந்தது. அவருடைய பதிவுகளைப் புரிந்துகொள்ள இந்த வரிசை முக்கியம்.

நான்கு ஆண்டுகள் ராணுவத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பிய அவர், ஆர்கன்சாவின் கன்ட்ரி இசைக் குழுக்களில் வாசித்தார். 1955-இல் மெம்ஃபிஸ் வந்தார்.

ராக்கபில்லி எப்படி ஒலிக்கும்

மாணவர்களுக்காகச் சிறு விளக்கம். 'ராக்', 'ஹில்பில்லி' என்ற இரண்டு சொற்களின் ஒட்டு ராக்கபில்லி. ஹில்பில்லி என்பது தென்பகுதி மலைநாட்டு வெள்ளையரைப் பட்டிக்காட்டான் என்று ஏளனமாகக் குறித்த சொல். அவர்களுடைய இசைக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. அந்த இசையும் கறுப்பினத்தவரின் புளூஸும் கலந்து 1954 வாக்கில் உருவான வேகமான இசைதான் ராக்கபில்லி. நான்கைந்து ஆண்டுகள்தான் அது செழித்தது. கிட்டாருடன் ஒரு பாடகர், ஒரு மின்கிட்டார், தந்தியை இழுத்துப் பலகையில் அறைந்து வாசிக்கும் பெரிய பாஸ். இவ்வளவே தொடக்கக் காலக் குழு. டிரம்ஸ் சற்றுப் பின்னால் சேர்ந்தது.

இந்த இசைக்கே உரிய எதிரொலியையும் குறிப்பிட வேண்டும். சன் நிறுவனத்தை நடத்திய சாம் ஃபிலிப்ஸ், ஒலிப்பதிவுக்கூடத்தில் இரண்டு ஒலிநாடா இயந்திரங்களை இணைத்திருந்தார். பாடகரின் குரல் முதல் இயந்திரத்துக்குப் போகும்போதே இரண்டாவதிலும் பதிவாகும். அங்கே பதியும் முனையைக் கடந்த நாடா, ஒலிக்கும் முனையை அடைய ஒரு நொடியில் சிறு பகுதி நேரம் ஆகும். அந்தத் தாமதத்தோடு குரலை மறுபடி முதல் பதிவில் கலந்துவிடுவார். குரல் தன் நிழலோடு சேர்ந்து ஓடுவது போலக் கேட்கும். மெம்ஃபிஸ் யூனியன் அவென்யூவில் 706-ஆம் எண் கொண்ட சிறிய கூடத்தில் பெரிய செலவில்லாமல் செய்த இந்த ஏற்பாட்டைப் பெரிய நிறுவனங்கள் பார்த்துப் பின்பற்ற முயன்றன.

சன் நிறுவனத்தில்

ரைலியின் முதல் பதிவு சன் நிறுவனத்துக்காகச் செய்யப்பட்டதல்ல. ஜாக் கிளமென்ட் என்ற இளைஞர், ஸ்லிம் வாலஸ் என்பவருடன் சேர்ந்து ஃபெர்ன்வுட் என்று ஒரு சிறு நிறுவனம் தொடங்க முயன்றுகொண்டிருந்தார். அதற்காகப் பதிந்த பாடல்தான் 'ட்ரபிள் பவுண்ட்'. அந்த நாடாவிலிருந்து தட்டு வெட்டுவதற்காகக் கிளமென்ட் அதைச் சாம் ஃபிலிப்ஸிடம் கொண்டுபோனார். கேட்ட ஃபிலிப்ஸ் பாடலை வாங்கிக்கொண்டார். கிளமென்டையும் தம்மிடமே வேலைக்கு அமர்த்திக்கொண்டார். 1956-இல் 'ட்ரபிள் பவுண்ட்', 'ராக் வித் மீ பேபி' ஆகிய இரண்டும் ஒரே தட்டின் இருபுறமாகச் சன் பெயரில் வெளிவந்தன.

இந்த நிகழ்ச்சியைப் பலர் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். ஆனால் பின்னால் நடந்தவற்றுக்கெல்லாம் முதல் முடிச்சு இங்கேதான் விழுகிறது. அதே 1956-இன் இறுதியில், லூசியானாவிலிருந்து ஒரு பியானோ இளைஞர் வாய்ப்புத் தேடிச் சன் கூடத்துக்கு வந்தபோது ஃபிலிப்ஸ் ஊரில் இல்லை. அவர் வாசித்ததைப் பதிந்து வைத்தவர் கிளமென்ட். அந்த இளைஞர் ஜெர்ரி லீ லூயிஸ். ரைலியின் நாடா இல்லாவிட்டால் கிளமென்ட் அந்த நாற்காலியில் இருந்திருக்க மாட்டார்.

அடுத்த முடிச்சு இசைக்குழு. கிட்டார் கலைஞர் ரோலண்ட் ஜேன்ஸ், டிரம்ஸ் வாசித்த ஜே. எம். வான் ஈட்டன், பாஸ் வாசித்த மார்வின் பெப்பர் ஆகியோர் ரைலியைச் சுற்றித் திரண்டார்கள். 1957-இல் வெளிவந்த இரண்டாவது தட்டு 'ஃப்ளையிங் சாசர்ஸ் ராக் அண்ட் ரோல்'. ரே ஸ்காட் எழுதிய பாடல். பறக்கும் தட்டைப் பார்த்தோம் என்று 1947 முதல் அமெரிக்கச் செய்தித்தாள்களில் ஓயாமல் செய்தி வந்துகொண்டிருந்த காலம் அது. செவ்வாய்க் கிரகத்தார் இறங்கி வந்து ராக் அண்ட் ரோல் வாசிப்பதாக ஒரு வேடிக்கைக் கற்பனை. அதன் பிறகு குழுவுக்கு 'லிட்டில் கிரீன் மென்' என்று பெயர் வந்தது. மேடையில் பச்சை உடையும் வந்தது. கேலிக்கூத்து என்று தள்ளிவிடக்கூடிய பாடல்தான். ஆனால் ரைலி அதைச் சிரித்துக்கொண்டு பாடவில்லை. தொண்டை கிழியும்படி, உண்மையாகவே கண்டுவிட்டு ஓடிவந்தவர் போலப் பாடுகிறார். ஜேன்ஸின் கிட்டார் நடுங்குகிறது. பின்னால் பியானோவைப் போட்டு அடிப்பவர் ஜெர்ரி லீ லூயிஸ். அப்போது அவர் கூலிக்கு வாசிக்க வந்தவர்.

சில மாதங்களில் நிலைமை தலைகீழானது. ஜேன்ஸும் வான் ஈட்டனும் லூயிஸின் பதிவுகளில் வாசிக்கத் தொடங்கினார்கள். 'ஹோல் லாட்டா ஷேக்கின் கோயின் ஆன்' பாடலில் நாம் கேட்பது ரைலியின் கிட்டார்க்காரரையும் டிரம்ஸ்காரரையும்தான். வான் ஈட்டனின் கை தனித்தன்மை உடையது. பியானோ நேர்கோட்டில் பாய, டிரம்ஸ் சற்றே துள்ளி நடக்கும். இரண்டும் ஒன்றோடொன்று உரசுவதில்தான் அந்தப் பாட்டின் சூடு பிறக்கிறது. லிட்டில் கிரீன் மென் இப்படிச் சன் நிறுவனத்தின் நிலையக் குழுவாகவே ஆகிவிட்டது. ரைலியும் தம் பங்குக்குப் பலருடைய பதிவுகளில் கிட்டார், பாஸ், மவுத் ஆர்கன் என்று கைக்குக் கிடைத்ததை வாசித்தார். லூயிஸின் முதல் தட்டான 'கிரேஸி ஆர்ம்ஸ்' முடியும் இடத்தில் ஒரு கிட்டார் ஒலி பொருந்தாமல் வந்து விழும். சும்மா வாசித்துப் பார்க்கிறார்கள் என்று எண்ணி, உள்ளே நுழைந்த ரைலி விளையாட்டாக மீட்டியது அது என்று சொல்லப்படுகிறது. பதிவாகிவிட்டது; தட்டிலும் அப்படியே வந்துவிட்டது.

'ரெட் ஹாட்' கதை

1957 செப்டம்பரில் 'ரெட் ஹாட்' வெளியானது. வழக்கமான கதை இனித் தொடங்குகிறது.

பாடலுக்கு வரவேற்பு இருந்தது. அன்றைய புகழ்பெற்ற வானொலி அறிவிப்பாளர் ஆலன் ஃப்ரீட், இது வெற்றி பெறும் என்று நம்பினார். கடைகளிலிருந்து தட்டு கேட்டு வந்தார்கள். ஆனால் லூயிஸின் 'கிரேட் பால்ஸ் ஆஃப் ஃபயர்' அப்போது வெளிவர இருந்தது. ரைலியின் தட்டை நிறுத்திவைத்து லூயிஸின் தட்டை அனுப்பும்படி ஃபிலிப்ஸ் முகவர்களுக்குச் சொன்னார். இதை அறிந்த ரைலி குடித்துவிட்டு ஒலிப்பதிவுக்கூடத்தில் புகுந்து கையில் கிடைத்ததையெல்லாம் உடைத்தார். ஃபிலிப்ஸ் வந்து, கதவைச் சாத்திக்கொண்டு விடியும் வரை அவரிடம் பேசினார். காலையில் வெளியே வந்தபோது, உலகத்திலேயே பெரிய நட்சத்திரம் தானே என்ற நம்பிக்கையோடு வந்ததாக ரைலி பின்னாளில் சிரித்துக்கொண்டே சொன்னதுண்டு. 'ரெட் ஹாட்' தேசிய விற்பனைப் பட்டியலில் இடம்பெறவே இல்லை.

இந்தக் கதைக்கு முதன்மையான சாட்சி ரைலிதான். அவர் பொய் சொன்னார் என்று கருத எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. ஆனால் கதையை ஃபிலிப்ஸின் மேசைப் பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். சிறிய இசைத்தட்டு நிறுவனம் ஒன்றுக்குத் தோல்வியைவிடச் சில சமயம் வெற்றி ஆபத்தானது. தட்டு அச்சிடும் ஆலைக்கு உடனே பணம் கொடுக்க வேண்டும். முகவர்களிடமிருந்து பணம் வரப் பல மாதங்கள் ஆகும். விற்காத தட்டுகள் திரும்பியும் வரும். 1955 நவம்பரில் எல்விஸின் ஒப்பந்தத்தையே 35,000 டாலருக்கு ஆர்.சி.ஏ. நிறுவனத்துக்கு ஃபிலிப்ஸ் விற்றதற்குப் பணமுடையே முதன்மையான காரணம். அப்படிப்பட்டவர் 1957 இலையுதிர்காலத்தில் இரண்டு குதிரைகள்மீது பணம் கட்ட முடியாது. லூயிஸ் ஏற்கெனவே ஜூலையில் ஸ்டீவ் ஆலனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தோன்றி நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்திருந்தார். அவருடைய அடுத்த பாடலுக்காகக் கடைகள் காத்திருந்தன. 'கிரேட் பால்ஸ் ஆஃப் ஃபயர்' பில்போர்டு பட்டியலில் இரண்டாம் இடம் வரை சென்றது. வணிகக் கணக்கில் ஃபிலிப்ஸ் செய்ததைத் தவறு என்று சொல்ல வழியில்லை. ஆறேழு மாதங்களில், 1958 மே மாதம், பதின்மூன்று வயது உறவுக்காரப் பெண்ணை லூயிஸ் மணந்திருந்தது இங்கிலாந்துப் பயணத்தில் வெளிப்பட்டு அவர் வீழ்ந்தார். அதை யார் முன்கூட்டி அறிந்திருக்க முடியும்?

வேறொன்றையும் கவனிக்க வேண்டும். அதே ஆண்டில் பாப் லூமன் என்ற இன்னொரு பாடகரும் இதே பாடலைப் பதிந்து இம்பீரியல் நிறுவனம் மூலம் வெளியிட்டார். அதுவும் பெரிய வெற்றி பெறவில்லை. முகவர்கள் ரைலியின் தட்டை அனுப்பியிருந்தாலும் அது நிச்சயமாக வென்றிருக்கும் என்று சொல்ல ஆதாரம் போதாது.

ஆகவே துரோகம் என்ற சொல்லை நான் இங்கே பயன்படுத்த மாட்டேன். ஆனால் ரைலியின் கசப்புக்கு ஒரு நியாயம் இருக்கிறது. அந்த நியாயம் வழக்கமான கதையில் வருவதில்லை. அவரை முந்திச் சென்றது வெளியிலிருந்து வந்த போட்டியாளர் அல்ல. அவருடைய முதல் நாடாவோடு உள்ளே வந்த கிளமென்ட், அவர் கூட்டிச் சேர்த்த ஜேன்ஸ், வான் ஈட்டன் ஆகியோர் உழைத்து உருவாக்கிய ஓசைதான் அவரை முந்திச் சென்றது. உடைக்கும்போது அவருக்கு இது தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

எமர்சனின் பங்கு

'ரெட் ஹாட்' ரைலியின் பாடல் என்றே எல்லோரும் எழுதுகிறார்கள். அதை இயற்றியவரும் முதலில் பாடியவரும் பில்லி 'தி கிட்' எமர்சன் என்ற கறுப்பினக் கலைஞர். ஃபுளோரிடாவின் டார்பன் ஸ்பிரிங்ஸைச் சேர்ந்த பியானோக் கலைஞர் அவர். அவர் பாடிய 'ரெட் ஹாட்' தட்டை 1955-இல் வெளியிட்டதும் இதே சன் நிறுவனம்தான். கால்பந்து ஆட்டத்தில் இரு தரப்பு ஆதரவாளர்களும் மாறி மாறிக் கத்தும் கூச்சலிலிருந்து பாட்டுக்கான எண்ணம் தோன்றியதாக எமர்சன் கூறியிருக்கிறார். தலைவர் ஒன்றைச் சொல்ல, குழு எதிர்த்துக் கூவும் அமைப்பு அதனால் வந்தது. எமர்சனின் பாட்டில் அது நண்பர்களுக்கு இடையிலான கேலி. ஒய்யாரமான நடை, அவசரம் இல்லை. ரைலி அதை முடுக்கிவிட்டார். அவர் குரலில் கேலி போய்ச் சவால் வந்துவிட்டது.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பது நல்ல பாடம். எனக்கு ரைலியின் தட்டே அதிகம் பிடிக்கும். ஆனால் 1957-இல் விற்காமல் போன தட்டுக்காக இத்தனை பேர் வருந்துகிறார்கள். 1955-இல் விற்காமல் போன தட்டுக்காக வருந்தியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எமர்சன் சிகாகோ சென்று வேறு நிறுவனங்களில் பதிந்தார். பின்னாளில் சொந்த ஊர் திரும்பிக் கிறித்தவ பக்தி இசையில் ஈடுபட்டார். எல்விஸும் அவருடைய பாடல் ஒன்றைப் பாடியிருக்கிறார். ரைலிக்கு நேர்ந்த மறதியைப் பற்றிப் பேசுகிற எந்தக் கட்டுரையும் எமர்சனை விட்டுவிட்டால் அது பாதிக் கணக்குதான். பருத்திக் காட்டில் தமக்குக் கற்பித்தவர்களை மறக்காத ரைலியே இதை ஒப்புக்கொள்வார்.

முகமில்லாத திறமை

சன் வெளியிட்ட ஆறு தட்டுகளையும் வரிசையாகக் கேட்டால் ஓர் உண்மை தெரிகிறது. 'ட்ரபிள் பவுண்ட்' அவசரமில்லாத, இருண்ட புளூஸ். 'ஃப்ளையிங் சாசர்ஸ்' லிட்டில் ரிச்சர்டைப் போன்ற அலறல். 1958-இல் 'பேபி ப்ளீஸ் டோன்ட் கோ', பிக் ஜோ வில்லியம்ஸ் புகழ்பெறச் செய்த பழைய புளூஸ். பிறகு 'டவுன் பை தி ரிவர்சைட்', தேவாலயங்களில் பாடும் பழைய பக்திப் பாடல். பிறகு 'ஒன் மோர் டைம்', உருக்கமான மெதுவான பாடல். நடுவில் பிரன்ஸ்விக் என்ற நிறுவனத்துக்குப் போய் 'ராக்கின் ஆன் தி மூன்' என்று மறுபடியும் விண்வெளிக் கற்பனை. பறக்கும் தட்டுக்குப் பதில் நிலா. ஒவ்வொன்றையும் நன்றாகவே பாடுகிறார். ஆனால் ஆறு தட்டுகளையும் பெயர் சொல்லாமல் ஒருவருக்குப் போட்டுக் காட்டினால் மூன்று பாடகர்கள் என்றுதான் சொல்வார்.

ஜானி கேஷ் வாயைத் திறந்தால் அவர் கேஷ். லூயிஸின் பியானோ இரண்டு நொடி ஒலித்தால் போதும். நட்சத்திரங்களுக்குத் தேவை இந்த அடையாளம்தான். அவர்கள் எந்தப் பாடலையும் தம் பக்கம் இழுத்துவிடுவார்கள். ரைலி பாடலின் பக்கம் போய்விடுகிறவர். வகுப்பில் எல்லாப் பாடங்களிலும் எண்பது எண்பத்தைந்து வாங்கும் மாணவனை எந்த ஆசிரியரும் எளிதில் நினைவில் வைப்பதில்லை. கணக்கில் நூறும் தமிழில் முப்பத்தைந்தும் வாங்கியவன்தான் முப்பது ஆண்டு கழித்தும் நினைவுக்கு வருகிறான். ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். அது எங்கள் குறை, அந்த மாணவனுடைய குறை அல்ல.

ரைலியின் பிற்கால வாழ்க்கை இதற்குச் சான்று. 1960 வாக்கில் அவரும் ஜேன்ஸும் சேர்ந்து ரீட்டா என்ற இசைத்தட்டு நிறுவனம் நடத்தினார்கள். ஹரோல்ட் டோர்மன் பாடிய 'மவுண்டன் ஆஃப் லவ்' அங்கிருந்து வந்த வெற்றி. தேசியப் பட்டியலில் 21-ஆம் இடம் வரை ஏறியது. ரைலி பாடியது அல்ல. அதே நிறுவனத்தில் 'லைட்னின் லியோன்' என்ற கற்பனைப் பெயரில், வயதான புளூஸ் பாடகர் ஒருவரைப் போலக் குரலை மாற்றி 'ரிபொசெஷன் புளூஸ்' என்ற பாடலைப் பதிந்தார். தம் பெயரை மறைத்துக்கொண்டு பாடிய இந்தப் பாடல் அவருடைய மிக நேர்மையான பதிவுகளில் ஒன்று என்பது விசித்திரம்தான். பாப் டிலன் 1978-இல் இதைத் தம் மேடையில் பாடினார்.

1962-இல் லாஸ் ஏஞ்சலஸ் சென்றார். அங்கே பிறர் பதிவுகளுக்கு வாசிக்கும் கலைஞராகப் பிழைப்பு நடத்தினார். டீன் மார்ட்டின், பீச் பாய்ஸ் போன்றோரின் பதிவுகளில் அவர் வாசித்ததாகக் குறிப்புகள் உண்டு. மெர்க்குரி நிறுவனம் 1964-இல் 'ஹார்மோனிகா பீட்டில்மேனியா' என்று ஒரு தொகுப்பை அவரைக்கொண்டு வெளியிட்டது. பீட்டில்ஸ் பாடல்களை மவுத் ஆர்கனில் வாசித்தார். சந்தைக்காகச் செய்த சரக்கு. அதில் சொல்வதற்கு வேறொன்றும் இல்லை. அமெரிக்காவின் தென்பகுதி இசையை உள்வாங்கி வளர்ந்த பீட்டில்ஸை, அந்தத் தென்பகுதியில் பிறந்த ஒருவர் நகலெடுத்து வயிறு வளர்க்க வேண்டியிருந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளலாம்.

மறுபடி தென்பகுதிக்குத் திரும்பி, 1972-இல் டோனி ஜோ வைட் எழுதிய 'ஐ காட் எ திங் அபவுட் யூ பேபி' என்ற பாடலைப் பதிந்தார். தேசியப் பட்டியலின் அடிப்படிக்கட்டில் எட்டிப் பார்த்துவிட்டு அது மறைந்தது. மறு ஆண்டே எல்விஸ் அதே பாடலை மெம்ஃபிஸில் பதிந்தார். 1974-இல் வெளிவந்து முதல் நாற்பதுக்குள் இடம்பெற்றது. ரைலியின் தட்டில் குறை இல்லை. எளிய, உற்சாகமான பாட்டு. வேறுபாடு உறையின் மேல் இருந்த பெயரில்தான்.

அதன் பிறகு இசையை விட்டுவிட்டு ஆர்கன்சாவில் கட்டட வேலைக்குப் போனார்.

திரும்பி வந்த காலம்

1977-இல் ராபர்ட் கார்டன் என்ற இளம் பாடகரும், மூத்த கிட்டார் கலைஞர் லிங்க் ரேயும் சேர்ந்து வெளியிட்ட தொகுப்பில் 'ரெட் ஹாட்', 'ஃப்ளையிங் சாசர்ஸ்' இரண்டும் இடம்பெற்றன. கார்டனின் 'ரெட் ஹாட்' தேசியப் பட்டியலிலும் கீழ்வரிசையில் நுழைந்தது. ஐரோப்பாவில் ராக்கபில்லி ரசிகர்கள் பழைய சன் தட்டுகளைத் தேடித் தேடி வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. யார் இந்த ரைலி என்று அவர்கள் கேட்டார்கள். 1979-இல் மெம்ஃபிஸ் மேடை ஒன்றில் ரைலி மறுபடி பாடினார். பிறகு ஐரோப்பியப் பயணங்கள் வந்தன. 1992-இல் ஆர்கன்சாவின் லிட்டில் ராக் நகருக்கு நிகழ்ச்சி நடத்த வந்த பாப் டிலன் அவரைத் தேடிப் பிடித்துத் தம் மேடையில் பாடவைத்தார். 1997-இல் வந்த 'ஹாட் டேம்' என்ற புளூஸ் தொகுப்பு கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. ரைலி 2009-இல் ஆர்கன்சாவின் ஜோன்ஸ்பரோவில் புற்றுநோயால் இறந்தார்.

2015 பிப்ரவரியில், நலிந்த இசைக்கலைஞர்களுக்கு உதவும் மியூசிகேர்ஸ் அமைப்பு டிலனுக்கு விருது வழங்கியது. அங்கே நீண்ட உரை நிகழ்த்திய டிலன், அதில் குறிப்பிடத்தக்க பகுதியை ரைலிக்கு ஒதுக்கினார். நோயுற்றிருந்த கடைசி ஆண்டுகளில் ரைலியின் மருத்துவச் செலவுக்கும் வீட்டுக் கடனுக்கும் இந்த அமைப்பு உதவியதை நன்றியுடன் நினைவுகூர்ந்தார். ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் ரைலிக்கு இடம் தராமல் யார் யாருக்கோ கொடுத்திருக்கிறார்களே என்று பெயர்களைச் சொல்லியே குறைப்பட்டார். மனத்தைத் தொடும் உரை. ஆனால் டிலனும் ரைலியை ஒரே பாட்டின் மனிதராகவே நிறுத்தினார். ஒற்றை வெற்றிப் பாடல் உள்ளவர், அது இருபது வெற்றிகளைவிட மேலானது என்ற பொருளில் பேசினார். பாராட்டுதான். இருந்தாலும் அந்தப் பாட்டு வெற்றி பெறவே இல்லை என்பதும், அதற்கு வெளியே ஐம்பது ஆண்டு இசை இருக்கிறது என்பதும் பாராட்டின் வெளிச்சத்தில் மறைந்துபோகின்றன.

எதிலிருந்து கேட்கலாம்

ரைலியைப் புதிதாகக் கேட்கிறவர்கள் 'ரெட் ஹாட்' பாடலில் தொடங்க வேண்டாம். அதைக் கதையோடு சேர்த்துத்தான் கேட்போம். காது வேலை செய்யாது. 'ட்ரபிள் பவுண்ட்' பாடலில் தொடங்கலாம். இருபத்திரண்டு வயது இளைஞர் யாரைப் போலவும் பாட முயலாமல் பாடியது. குரலை அடக்கியே வைத்திருக்கிறார். கிட்டார் அவரைவிடக் குறைவாகப் பேசுகிறது. அவருடைய பதிவுகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் நான் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

அடுத்து 'ஃப்ளையிங் சாசர்ஸ்'. உடனே லூயிஸின் 'ஹோல் லாட்டா ஷேக்கின்' பாடலை வைத்து, இரண்டிலும் டிரம்ஸை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். பிறகு எமர்சனின் 'ரெட் ஹாட்', அதன் பின் ரைலியின் 'ரெட் ஹாட்'. கடைசியாக 'ஹாட் டேம்' தொகுப்பு. அறுபது வயதைக் கடந்த குரல். வேகமும் அலறலும் போய்விட்டன. மவுத் ஆர்கனைச் சிறுவயதில் கற்ற அதே முறையில், மூச்சை உள்ளே இழுத்துத் தேம்ப வைத்து வாசிக்கிறார். ஒலிப்பதிவும் தெளிவாக இருப்பதால் ஒவ்வொரு மூச்சும் தனியே கேட்கிறது.